நுரை வந்த அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க

தோணிரேவு

அன்பு மகன் கவியரசனுக்கு அம்மா எழுதறது. நானும் உன் நைனாவும் தங்கச்சி மோகனப்பிரியாவும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீ பஹ்ரைன் வெயில்ல உடம்பப் பாத்துக்கினு வேளைக்குச் சாப்பிட்டா அதுவே எங்களுக்குப் போதும். போன்ல நாலு வார்த்தை பேசறதுக்குள்ள டூட்டினு வெச்சிடற, அதான் லீவு முடிஞ்சு திரும்பற ஞானதாஸ்கிட்ட இறா கருவாட்டோட இதையும் குடுத்தனுப்பறேன். நாறுதுனு ரூம்ல யாராவது திட்டினா அவங்களுக்கும் கொஞ்சம் வறுத்துக் குடு, வாய் தானா மூடிக்கும்.

காட்டூர்ல இருந்து பிரியாவப் பொண்ணு பாக்க வந்தாங்கடா. பையன் பேரு ரஞ்சித்குமார், நம்ம சனம்தான், ஆனா நெல்லு வேலைக்குப் போய் அங்கயே தங்கி ஏரிய மறந்தவங்க. முன்னாடி வந்தவங்கல்லாம் பொண்ணு சேத்துல கைய விட்டு இறா புடிக்கிறவனு சாக்கு சொல்லி நழுவிட்டாங்க, அந்தப் புள்ள வாய் விட்டு அழக்கூட இல்ல, அதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. இதாவது அமையணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. வீட்டக் கழுவின சோப்பு நுரை தெருவு வரைக்கும் ஓடுச்சு, வேலை செஞ்சு செஞ்சு எனக்கே நுரை தள்ளிடுச்சு, உன் நைனா மட்டும் வேட்டி மடிப்பு கலைஞ்சிடும்னு உக்காராமலே நின்னுக்கினு இருந்தாரு.

பையனோட அம்மா ரங்கம்மாள் அளந்து பேசறவங்க, எனக்குக் கொஞ்சம் பயம்தான். நுரை பொங்க காபி ஆத்திக் குடுத்தேன், அவங்க டம்ளர வாயில வெக்கல, அதுக்குள்ள தெருவுல நுரை வந்துடுச்சு நுரை வந்துடுச்சுனு ஒரே கூச்சல். முகத்துவாரம் மணல் அடைச்சு ஏரி எத்தினி மாசமா செத்துக் கெடந்துச்சுனு உனக்குத் தெரியும், கடல் தண்ணி உள்ள பூந்தா முதல்ல அந்த வெள்ளை நுரைக் கோடுதான் வரும், அது பின்னாடியே இறா, முந்தி எறங்கற கைக்குத்தான் கிடைக்கும். மடிப்பு வேட்டி மனுஷன்தான் முதல் ஆளா ஓடனாரு! வந்தவங்கள உக்கார வெச்சுட்டு இன்னா பண்றாரு பாருனு கத்திக்கினே நானும் இறா போடற ஓலைப் பறியத் தூக்கினு ஓடறேன், பட்டுப் பொடவைய இழுத்துச் சொருவிக்கினு பிரியா என்னை முந்திட்டா. நானும் எறங்கி பறியப் பல்லால கடிச்சிக்கினு ரெண்டு கையாலயும் தடவித் தடவி இறா அள்ளிப் போடறப்பதான் எனக்கு சுரீர்னுச்சு. அடிப்பாவி, சம்பந்தம் போச்சேனு கரையப் பாத்தா ரங்கம்மாள் நிக்கறாங்க, பக்கத்துல பையன்.

ஈரத்தோட ஏறிப் போய் தப்பா நெனைக்காதீங்கனு ஆரம்பிச்சேன். அந்தம்மா, எங்க ஊர்ல மடையில தண்ணி வந்துடுச்சுனு கொரல் கேட்டா நாங்களும் யாரு வந்திருந்தாலும் மம்பட்டியோட ஓடிடுவோம்னு சொல்லிச் சிரிச்சாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சுடா. நம்ம பிரியா தலை குனிஞ்சு நிக்கறவளா, சேத்துக் கையோட நிமிந்து பாத்து, கல்யாணத்துக்கு அப்புறம் நுரை வந்தா என்னை அனுப்புவீங்களா அத்தைனு கேட்டுட்டா. நான் அவளக் கிள்ளறதுக்குள்ள ரஞ்சித்குமாரு பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கினு, இன்னொரு பறி இருக்குதானு கேட்டாரு. அவரு புடிச்சது ரெண்டு நண்டுக் குஞ்சுதான், அதயும் விட்டுட்டாரு.

தையில கல்யாணம். வருசா வருசம் நீ வர்றேன் வர்றேன்னு சொல்றது பால் நுரை மாதிரி பொங்கிப் பொங்கி அடங்கிப் போவுது, எங்களுக்குப் பழகிடுச்சு. ஆனா அன்னைக்கு எல்லாரும் இருக்கறப்பவே பிரியா, எங்க அண்ணன் வந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டாத்தான் நான் கழுத்த நீட்டுவேன்னு சொல்லிட்டா. ரங்கம்மாளும் அதுதான் ஞாயம்னுட்டாங்க. இப்பவே லீவு கேட்டு வெச்சுக்கோ.

எங்க இருந்தாலும் நல்லா இரு ராஜா, எல்லைச்சாமி உன்னைக் காப்பாத்தும். கருவாட்டக் காத்து படாம டப்பாவுல மூடி வெய்யி.

உன் வரவுக்கு வாசலப் பாத்துக்கினு இருக்கற
அம்மா ராஜம்மா