குசினி என்று எழுதிய வீடு

மருதமுனை
24.04.2025

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அன்பு மகள் றம்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றிபாஸும் சின்னவளும் அந்த டோஹா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இந்தக் கடிதம் எழுதுகிற கோபத்திலும் அதைக் கேட்காமல் விடவில்லை. நானும் தங்கச்சி ஸப்னாவும் உடம்பால் சுகம். மனதால் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் அழத் தொடங்கினால் நீ உடனே, உம்மா நெட் போகுது, பிறகு எடுக்கன் என்று வைத்துவிடுகிறாய், குரல் பதிவு அனுப்பினால் அதை மருமகனும் கேட்டுவிட்டு அழித்துவிடலாம். அடுத்த தெரு அஸ்கி லீவு முடிந்து திங்கட்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து, உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கூடவே சின்னவளுக்கு ஒரு போத்தல் தேனும் வைத்திருக்கிறேன், இருமலுக்கு இரவில் கொஞ்சமாகக் கொடு, ஐஸ்கிரீமை நிறுத்து.

ஸப்னா அதே பாலர் பாடசாலைக்குத்தான் படிப்பிக்கப் போய் வருகிறாள். நோன்புப் பெருநாளுக்கு முன் அவளுக்கு மாவடிப்பள்ளியில் இருந்து ஒரு இடம் பேசி வந்தார்கள், வயல் செய்கிற குடும்பம், பொடியன் கொமர்ஸ் படிப்பிக்கிறான், அமைதியானவன். நமது பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறவன், அதனால் முதலில் வீட்டைத்தான் கேட்பார்கள். பொடியனின் தாய் அதே வளவில் நாங்கள் இருக்கிற பின் வீட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டாள், பின் வீட்டுக்குச் சோலை வரித் துண்டு எந்தப் பேரில வாற ராத்தா என்று. எல்லாம் ஒரே இலக்கத்தில் என் மூத்த மகளின் பேரில் வருகிறது, ஆனால் பின் வீடு ஸப்னாவுக்கு என்பது ஊருக்கே தெரியும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்த நேரம் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக அந்தக் கதிரையில் இருந்திருக்கிறேன் என்பது பத்து நாள் கழித்துத்தான் விளங்கியது.

பெருநாள் முடிந்த கிழமை மாநகர சபையில் இருந்து புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. போன வருடம் அளந்துகொண்டு போன ஆட்கள் உன் முன் வீட்டின் மாபிள் தரையையும் மருமகன் வைத்த உள் பாத்ரூமையும் கணக்கில் எடுத்துத் தொகையை மூன்று மடங்காக்கி இருந்தார்கள். என் பிள்ளை வெளிநாட்டில் கஷ்டப்படுகிறாள், அவள் தலையில் இவ்வளவு வரியா என்று நான்தான் பதறிக்கொண்டு குடையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன், உனக்காக. இதை நன்றாக வாசி, உனக்காகத்தான் ஓடினேன். சபையில் வரி கட்டுகிற கருமபீடத்தில் ஸப்னாவோடு படித்த அம்ஹா இருந்தாள், என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு இருக்க வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாம் சொன்னாள். வரி வீட்டின் விலைக்கு இல்லையாம். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பீட்டு ஆட்கள் பார்த்து, திருத்த வேலைக்கென்று கொஞ்சம் கழித்து எழுதுகிற தொகைதான் வருடாந்தப் பெறுமதி, அதில் நூற்றுக்கு இத்தனை என்று சபை வைப்பதுதான் சோலை வரி. பெறுமதி கூடிவிட்டது என்று நினைத்தால் அறிவித்தலில் போட்டிருக்கிற திகதிக்கு முன் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம், திகதி போனால் போனதுதான். கட்டாமல் விட்டால் வழக்கு, ஏலம் வரைக்கும் போகலாம். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்பதை அவள் சொல்ல முன் நானே சொன்னேன், உன் வாப்பா மௌத்தான பிறகு ஒரு வருடமும் நான் அந்தத் திகதியைத் தவறவிட்டதில்லை, இடியப்பம் அவித்து விற்ற காசில் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

பிறகு அம்ஹா இலக்கத்தைக் கேட்டாள், நாற்பத்தேழு என்றேன். கம்பியூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் கம்பியூட்டரைப் பார்த்தாள். மாமி, இதில றம்லா ராத்தாட பேர் இல்லையே, போன வருசம் செப்டம்பர்லயே முபாறக் எண்டவர்ட பேருக்கு மாறி இரிக்கி, காணி உறுதி கொண்டு வந்துதான் மாத்தி இரிக்காங்க என்றாள். எந்த முபாறக் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது, மருமகனோடு கூடப்பிறந்த காக்கா, பொத்துவிலில் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிற அதே முபாறக். போன ஆகஸ்டில் அவர் பிள்ளைகளோடு வந்து, வளவைச் சுற்றிப் பார்த்து, என் கையால் கோழி ஆணம் தின்றுவிட்டுப் போனதை நான் உறவு பார்க்க வந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னில் இருந்த ரசீதுகளை ஸப்னாவை வாசிக்கச் சொன்னேன். இந்த ஜனவரியில் நான் கட்டிய ரசீதிலும் வந்த அறிவித்தலிலும் அவர் பேர்தான் இருந்திருக்கிறது, கண்ணாடி இல்லாமல் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்திருக்கிறேன். என்னைக் குடியெழுப்பப் போகிற மனிதனின் வீட்டுக்கு நானே கழிவோடு வரி கட்டி இருக்கிறேன் மகள். சின்னவளுக்குப் பல் முளைத்ததை வீடியோவில் காட்டினாய், வாங்கிய சோபாவைக் காட்டினாய், வீட்டை விற்றதைக் காட்ட மட்டும் உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உன் முன் வீட்டை நீ விற்றதற்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது உனக்குச் சீதனமாகத் தந்தது, கொழும்பில் ஒரு பிளட் வீடு வாங்க வேண்டுமென்றால் விற்கலாம். ஆனால் பின் வீடு? நான் முபாறக்குக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. மாமி, உறுதியில வீடு ஒண்டு, புறம்பான குசினி ஒண்டு எண்டுதான் இரிக்கி, குசினிக்குள்ள ஆக்கள் இரிக்காங்க எண்டு எங்கயும் எழுதல்லயே என்றார். றம்லாட்டயும் கேட்டனான், ஓம் அது குசினிதான், உம்மாவ தங்கச்சி பாத்துக்குவா எண்டு சொன்னா என்றார். ஹஜ்ஜுப் பெருநாளோடு அதை உடைத்து வாகனம் விடக் கொட்டில் போடப் போகிறாராம், பிள்ளைகளைக் கல்முனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுக் குடும்பத்தோடு முன் வீட்டுக்கு வருகிறாராம். போனை வைத்த பிறகு நான் ளுஹர் தொழுகைக்கும் எழும்பவில்லை, அஸருக்குத்தான் எழும்பினேன்.

அந்தக் குசினி என்கிற சொல் எங்கே இருந்து வந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். 2011-இல் முந்திய மதிப்பீட்டுக்கு ஆட்கள் தெருத் தெருவாக வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உன் வாப்பா வியர்க்க வியர்க்க ஓடி வந்தார். பின்னால் கட்டிய இரண்டு அறையையும் வீடு என்று கண்டால் இன்னொரு இலக்கம் போடுவார்கள், இன்னொரு வரி வரும், மறைக்க வேண்டும் என்றார். எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது, பொய் சொல்ல மாட்டேன். பாயைச் சுருட்டியது நீ. கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்தது உன் வாப்பா. அடுப்பு, சட்டி பானை, விறகு எல்லாம் உள்ளே கொண்டு வைத்தது நான். உனக்குப் பதினேழு வயது, அலுமாரிக்கு மேலே சீலையைப் போட்டு வெங்காயக் கூடையைத் தூக்கி வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்கு ஓடினாய். அந்த உத்தியோகத்தர் எட்டிப் பார்த்தார், உன் வாப்பா, அது நம்மட குசினி சேர், புகை வீட்டுக்குள்ள வாறெண்டு புறம்பாக் கட்டினது என்றார், அவரும் எழுதிக்கொண்டார், நான் வட்டிலப்பம் கொடுத்தேன். அன்று இரவு நாம் திரும்பவும் கட்டிலைப் பூட்டி, அதில்தான் படுத்தோம். நீ கல்யாணம் முடிக்கும்போது உறுதி எழுதிய நொத்தாரிசு சொன்னார், காணியைப் பிரித்து அளந்து பின்பக்கத்தை இளையவளின் பேருக்குத் தனியாக எழுதுங்கள் என்று. பிரித்தால் தனி இலக்கம் எடுக்க வேண்டும், எடுத்தால் நமது குசினி வெளியே வந்துவிடும் என்று உன் வாப்பாவுக்குப் பயம். என்ட மகள்தானே, தங்கச்சிட பங்க தின்னுவாளா என்று சொல்லி காணியின் எல்லாப் பேர்ச்சையும் உனக்கே எழுதினார். வருடத்துக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நாம் சபைக்குச் சொன்ன பொய்யை நீ எங்களுக்கே திருப்பிச் சொல்லிவிட்டாய். தூதரகத்தில் போய் விற்பதற்குக் கையெழுத்து வைக்கும்போது, அந்தக் குசினிக்குள் உன் உம்மா படுத்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியும்தானே மகள்?

நான் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஸப்னா, மாவடிப்பள்ளிக்கு வேணாமெண்டு செல்லிருங்க உம்மா, நான் கலியாணம் முடிக்காட்டி என்ன என்றாள். அவள் அழாமல் சொன்னாள், அதுதான் என்னை எழுப்பியது. திரும்பவும் சபைக்குப் போனேன். அம்ஹாவிடம், இத்தனை வருடம் வரி கட்டிய ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறதே, அது காணிக்கு உரித்து ஆகாதா என்று கேட்டேன். இல்ல மாமி, வரி கட்டுறதால காணி உருத்து வாறதில்ல, இது வரி எடுக்கிறதுக்கு நாங்க வச்சிரிக்கிற பேர் இடாப்பு மட்டும்தான் என்றாள். ஆனால் குடியிருக்கிறவர்களும் ஆட்சேபனை எழுதலாம், விபரம் பிழை என்றால் வந்து பார்த்துத் திருத்துவார்கள் என்றாள். நான் அங்கேயே இருந்து அவளிடம் பேனை வாங்கி எழுதினேன். பின்னால் இருப்பது குசினி இல்லை, இரண்டு அறையும் அடுப்படியும் கக்கூசும் உள்ள வீடு, 2011-இல் நானும் என் கணவரும் மறைத்தோம், அதில் நாங்கள் பதினாலு வருடத்துக்கு மேலாக இருக்கிறோம், அதற்குத் தனி இலக்கம் போட்டுத் தனி வரி போடுங்கள் என்று எழுதினேன். அம்ஹா வாசித்துவிட்டு, வரியக் கூட்டச் செல்லி ஆட்சேபனை எழுதின முதல் ஆள் நீங்கதான் மாமி என்றாள், சிரிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கபுறில் அடங்கி இருக்கிற மனிதனைப் பொய்க்காரன் என்று என் கையாலேயே எழுதினேன், திரும்பி வரும் வழியெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

மே இருபதாம் திகதி பார்க்க வருகிறார்கள். லோயர் ஒருவரிடமும் கேட்டேன். இலக்கம் கிடைத்தாலும் நான் சொந்தக்காரி ஆக மாட்டேன், ஆனால் விற்க முன்பே அது ஆட்கள் இருந்த வீடு என்று நிறுவினால் வழக்கு வைத்துக் கோட்டுக்குப் போகாமல் முபாறக்கால் கூரையில் ஒரு ஓட்டைக் கூடக் கழற்ற முடியாது என்றார். அதற்கு என் சொல் மட்டும் காணாதாம், அது வீடு என்றும் ஸப்னாவுக்கென்று விட்டது என்றும் விற்ற ஆளே எழுதித் தந்தால் பெரிய பலம் என்றார். முபாறக் முகம் சுளிப்பார், மருமகன் உன்னோடு நாலு நாள் கதைக்காமல் இருப்பார், அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன். எனக்குக் காசு அனுப்பாதே, அனுப்பினால் எடுக்க மாட்டேன். மாபிளும் பாத்ரூமும் அவர் வைத்துக்கொள்ளட்டும். அன்று நீ சுருட்டியது அடுப்படிப் பாய் இல்லை, நீயும் தங்கச்சியும் படுத்த பாய் என்று மட்டும் எழுது, உன் பேரைப் போட்டுக் கையெழுத்து வை. சிரித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினவள் நீ, அந்த நாளைப் பார்த்தவர்களில் நானும் நீயும்தான் மிச்சம், ஸப்னா அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். எழுதாமல் விட்டாலும் நீ என் பிள்ளைதான், அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் பிறகு நீ ஊருக்கு வந்தால் உன்னைக் கூட்டி இருத்த எனக்கு ஒரு இடம் இருக்காது, அதை நினைத்துக்கொள்.

நேற்றே அறைக்குள் இருந்த இடியப்ப அடுப்பையும் விறகையும் வெளியே எடுத்துவிட்டேன், கட்டிலை வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறோம். அல்லாஹ் உன் ஈமானையும் உன் பிள்ளையின் உடம்பையும் காப்பானாக, உனக்கு ஒரு நாளும் இந்த மாதிரி ஒரு கடிதம் எழுத வராமல் இருக்கட்டும். தேன் போத்தலின் மூடி இறுக்கம், சுடுதண்ணீரில் வைத்துத் திற. மே இருபதுக்கு முன் கடிதம் என் கையில் இருக்க வேண்டும், சாதாரண தபால் பிந்தும், பதிவுத் தபாலில் போடு. விலாசத்தைக் கீழே இருப்பது போலவே எழுது, அந்த இலக்கத்தைச் சபை இன்னும் தரவில்லை, நானே போட்டுக்கொண்டேன், தபால்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன்னைப் பெற்ற உம்மா,
நபீஸா,
இல. 47/1.