எட்டுக் கால் வீல்

செப்டம்பர் 6, ஞாயிறு

வெயில். சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை.

இன்று முழுக்கக் கார் வேலை. நம் சின்னக் காருக்கு அப்பா அலாய் வீல் போடப் போகிறார், டயரும் புதிது. மெட்ராஸில் ஒரு கடையிலிருந்து படங்களும் விலைப்பட்டியலும் தபாலில் வந்திருக்கின்றன. எல்லாம் இங்கிலீஷ். இந்த வீட்டில் இங்கிலீஷ் வாசிக்க நான்தான். அதனால் கூடவே நான்.

அளந்தது:
இரும்பு ரிம் – 13 அங்குலம்.
நட்டுத் துளை – நான்கு.
எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே, நடு முதல் நடு வரை – மூன்றே முக்கால்.

முதலில் அம்மாவின் தையல் டேப்பால் அளந்து மூன்றரை என்று எழுதிவிட்டேன். அப்பா திட்டவில்லை. "அது இழுத்து இழுத்து நீண்டுபோன டேப்புமா. ஸ்கேல வெச்சு அள. கால் அங்குலம் தப்பினா வீலு மாட்டவே முடியாது" என்றார்.

அகல டயர் மட்கார்டில் உரசுமா என்று பார்க்க அப்பாவுக்கு ஒரு வழி தெரியும். மட்கார்டு உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டினேன். அவர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, வாய்க்கால் மேட்டில் ஏற்றி இறக்கினார். டயர் நசுக்கியது போக மிச்சம் ஒரு விரல் தடிமன். அப்படியென்றால் 155 மில்லிமீட்டர் அகல டயர் போடலாம். 165 கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேலியில் நின்று, "இன்னா தம்பி, கன்னுக்குட்டி மாரி ஒரு காரு, அதுக்கு இம்மாம் ஜோடனையா?" என்றார்.

"எம் பொண்ணு காருண்ணே. அவதான் டிசைனு சொல்லிக்கினு இருக்கா" என்றார் அப்பா.

கை முழுக்க மண். சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

தூறல். கணக்குப் பரீட்சை: 91. மரியா டீச்சர் தாளின் மேலே 'நன்று' என்று எழுதியிருக்கிறார்.

சேகர் மாமா கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி, பி.ஏ., பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை. மெட்ராஸில் யாரோ ஒருவர் காரில் இந்த வீலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அப்பாவை அரித்தது அவர்தான்.

மூன்று டிசைன்: தேன்கூடு, ஐந்து இதழ், எட்டுக் கால். மாமாவுக்குத் தேன்கூடு. கரும்புக்கொல்லைச் சேறு அந்தப் பொந்துகளில் அடைத்துக்கொள்ளும், எட்டுக் கால் என்றால் கை நுழைத்துக் கழுவலாம் என்றேன்.

"கழுவப் போறவ சொல்றா. எட்டுக் காலே இருக்கட்டும்" என்று மாமா சிரித்தார். அடுப்படியில் அம்மாவும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் காரைக் கழுவுகிறேன், அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டயருக்கு மாமாவும் அப்பாவும் அரை மணி நேரச் சண்டை. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"ரேடியல்தான் மாமா. ரோட்டப் புடிச்சிக்கினு போவும்."

"வெள்ளிமலை ஏறுனா கல்லு குத்திப் பக்கவாட்டுல கிழியும் மாப்ள. நைலான் போடு."

"நான் இன்னா தெனம் மலைக்கா போவப் போறேன்?"

ரேடியல் ஜெயித்தது. நல்ல இங்கிலீஷில் கடைக்கு எழுதினேன். எட்டுக் கால் 4, நீள நட்டு 16 (பழைய நட்டு அலாய்க்குச் சேராதாம்), டயர் 5. ஸ்டெப்னிக்கு இரும்பு வீலே போதும். அப்பா கையெழுத்து மட்டும் போட்டார். அவர் அதை வாசிக்கவில்லை. வாசிக்கவும் முடியாது.

செப்டம்பர் 13, ஞாயிறு

எழுத்து கோணல்.

காலையில் அப்பா ஒரு பாரம் கொண்டுவந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பாரம், காரைப் பேர் மாற்ற. "பூர்த்தி பண்ணும்மா, எழுத்து அழகா இருக்கட்டும்."

விற்பவர் பெயர்: அப்பா. பெறுபவர் பெயர்?

"சேகர் பேர எழுது."

காரை மாமாவுக்கு விற்கிறீர்களா என்று கேட்டேன்.

"விக்கிறதா? கல்யாணத்துக்குச் சீரு. உனக்கும் அவனுக்கும்தான். ஏன், உங்கம்மா சொல்லல?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாரத்தைப் பார்த்தார். "பின்கோடு வுட்டுட்ட பாரு" என்றார்.

பின்கோடு எழுதினேன்.

அம்மாவிடம் போனேன். "உங்கப்பா சொல்லியிருப்பாருன்னு இருந்தேன்டி" என்று மாவைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "வெளில குடுத்தா யாரு எப்புடியோ. இது எந் தம்பி. உன்ன கண்ணுல வெச்சிப் பாத்துக்குவான்."

"பத்தாவது பரீட்சை?"

"எனக்குப் பதினாறுல ஆச்சு. நான் இன்னா கெட்டா போய்ட்டேன்?"

எனக்குத் தெரியாமல் தெரிந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுப் பெரியப்பா, பெரியம்மா. பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. "புதுப் பொண்ணு" என்று போன வாரம் கூப்பிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தேன், அதற்காக என்று நினைத்தேன்.

என் சீருக்கு நானே டிசைன் பார்த்திருக்கிறேன். களிமண் ஒட்டி, அளந்து.

செப்டம்பர் 14, திங்கள்

புழுக்கம். பாதி வகுப்பு காலி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கத்தின் சாலை மறியல் வரப் போகிறது என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் டீச்சர்கள் யாரும் வரவில்லை. மரியா டீச்சரிடம்தான் சொல்ல நினைத்திருந்தேன். பள்ளி மறு அறிவிப்பு வரை மூடல்.

சாயங்காலம் தெருமுனையில் கூட்டம். அப்பா மைக் பிடித்தார். "நம்ம புள்ளைங்க டாக்டருக்குப் படிக்கணும், இஞ்சினியருக்குப் படிக்கணும்! படிப்புல எடம் குடுக்காம வுட மாட்டோம்!" தொண்டை கட்டுமளவு கத்தினார். ஒரே கைதட்டல்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா இடித்தாள், "தட்டுடி, உங்கப்பா பேசறாரு." தட்டினேன்.

அப்பா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் கேட்கிற பிள்ளைகளில் நான் இல்லை.

செப்டம்பர் 16, புதன்

காற்று. கரண்ட் இல்லை. சிம்னி விளக்கைப் பெட்டி மறைவில் வைத்து எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் ஊதி அணைத்துவிடுவேன்.

காலையில் சங்கத்துப் பையன்கள் பழைய டயர் கேட்டு வந்தார்கள், ரோட்டில் கொளுத்த. கொட்டகையில் கிடந்த இரண்டு தேய்ந்த டயரை அப்பா கொடுத்தார். "வண்டில மாட்டினு இருக்கறதையும் குடேன்ணே, அதான் புதுசு வர்தே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸ் கடையிலிருந்து பதில் வந்திருக்கிறது. முதல் தவணை கிடைத்ததாம், உறுதி செய்து எழுதினால் நான்கு வாரத்தில் லாரியில் ஏற்றுவார்களாம்.

"ஒடனே அனுப்பச் சொல்லி எழுது. அந்த வீல மாட்டிக்கினுதான் நிச்சயத்துக்கு வருவேன்னு மாப்ள ஒத்தக் கால்ல நிக்கிறான். ஐப்பசிக்குள்ள வந்தாவணும். வரலன்னா தைக்குத் தள்ளிப் போவும். அப்பால உன் பரீட்சை வரும், அது ஒரு ரோதன."

தை. தை என்றால் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான். இன்னும் கொஞ்சம் தள்ளினால் எழுதிவிடலாம். எழுதி நல்ல மார்க் வாங்கினால் மரியா டீச்சர் வந்து அப்பாவிடம் பேசுவார்.

உட்கார்ந்து எழுதினேன். அப்பா எதிரிலேயே நாற்காலியில். நான் எழுதியது: 'வீல்கள் எங்களுக்குத் தேவையில்லை. ஆர்டரை ரத்து செய்யவும். பணத்தைத் திருப்பி அனுப்பவும்.'

"இன்னா, ரொம்பச் சின்னதா எழுதிக்கினு இருக்க?"

"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான்பா எழுதணும்."

கையெழுத்துப் போட்டார். ஜன்மத்தில் அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட முதல் பொய்.

நானே தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் மாமாவின் பைக் சத்தம். "ஊர்ல இனிமே தபால் எடுக்க ஆள் வராது. கள்ளக்குறிச்சில போட்ரு மாப்ள" என்று அப்பா உறையை மாமா கையில் கொடுத்துவிட்டார்.

மாமா பி.ஏ.

ஒட்டியிருக்கிறது, பிரிக்க மாட்டான். எதற்காகப் பிரிக்கப் போகிறான்?

செப்டம்பர் 17, வியாழன்

மேகம். மரம் வெட்டிப் போட்டு ரிஷிவந்தியம் ரோடு அடைபட்டுவிட்டது. ரப்பர் கருகிய நாற்றம் வீடு வரை. மாமா நேற்றுத் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டான். கடிதமும் அவன் பையிலேயே.

மத்தியானம் கார் நிற்கும் கொட்டகைக்குத் தண்ணீர்க் குடம் எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தான். கையில் உறை, பிரித்து.

"தேன்கூடு வேணும்னு கீழ ஒரு வரி சேக்கலாம்னு பிரிச்சேன்" என்றான். கோபப்படவில்லை. அதுவே பயமாக இருந்தது. "இன்னா புள்ள இது? வீலு வேணாமா, நான் வேணாமா?"

குடத்தைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்.

"ரெண்டும்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "உங்கப்பாகிட்டச் சொன்னா உன் தோல உரிச்சிருவாரு. சொல்ல மாட்டேன், போ" என்றான்.

நேற்றும் இன்றும் சேர்த்து நான் சாப்பிட்ட முதல் சோறு இன்று இரவுதான். மாமா நல்லவன்தானோ என்று சாப்பிடும்போது நினைத்தேன். சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கி ஆற்றுத் திருவிழாவுக்குப் போனவன். புரிந்துகொண்டிருப்பான்.

செப்டம்பர் 18, வெள்ளி

விடிகாலை மழை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

காபி குடிக்கும்போது மாமா அப்பாவிடம், "வீலு வேணாம் மாமா" என்றான்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இன்னா மாப்ள திடீர்னு?"

"இந்த ரகளைல லாரி எங்க வரும்? அதுக்காவக் கல்யாணத்தத் தள்ளிக்கினே போறதா? இருக்கற இரும்பு வீலே போதும். டயரு மட்டும் கள்ளக்குறிச்சில வாங்கிப் போட்டுக்கலாம். ஐப்பசி மொத முகூர்த்தத்துலயே முடிச்சிருங்க."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இதான் மனுசன்" என்று அம்மாவிடம் சொன்னார். கடைக்கு இன்னொரு கடிதம் எழுதணுமே என்று என் பக்கம் திரும்பினார். பிறகு அவரே, "வேணாம், வேணாம். இனிமே இங்கிலீஷ் லெட்டரெல்லாம் மாப்ள பாத்துக்குவாரு" என்றார்.

நான் கொல்லைப் பக்கம் போனேன். கை கழுவுகிற சாக்கில் மாமா வந்தான். சிரித்தான், பழைய சிரிப்பு.

"நீ வேணாம்னு எழுதியிருந்த. நானும் வேணாம்னுட்டேன். இப்ப சந்தோசம்தான?"

நான் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். "லெட்டரு இன்னும் எங்கிட்டதான் இருக்குது" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். சரி என்பதுபோல் என் தலை ஆடியது. பயத்தில் அது தானாகவே ஆடியது.

உள்ளே போய் அப்பாவிடம் சொல்வது கேட்டது:

"கேட்டுட்டேன் மாமா. சரின்னுட்டா."