முதுகில் உன் படம்

கொடைக்கானல், 2007

சுபா,

வந்து சேர்ந்துவிட்டேன். மதுரையிலிருந்து சைக்கிளில் வந்த வழியெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஜனங்கள் தாராளமாகப் பணம் தந்தார்கள். ஏரிக்கரையில் மாலை போட்டார்கள்.

பெருமாள்மலையில் சைக்கிளை நிறுத்தி டீ குடித்தபோது, கடைக்கார அம்மா என் பனியன் முதுகில் அச்சடித்திருந்த உன் படத்தைப் பார்த்தார். நீளச் சடையோடு நீ சிரிக்கும் படம்.

“ஒங்க சம்சாரங்களா? இப்ப எப்படி இருக்காக?”

“ஆஸ்பத்திரியில இருக்கா. கீமோ நடக்குது.”

“அப்பத் தொணைக்கு ஆருங்க இருக்கா?”

“அவ அக்கா” என்றேன்.

உனக்கு ஏது அக்கா?

உனக்கு முடி கொட்டத் தொடங்கிய வாரம்தான் இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்தேன். நீ டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்தாய்.

உன்னிடம் திரும்பி வரும் இறக்கத்தில் பெடல் மிதிக்கவே வேண்டாம். ஆனாலும் மாலையைக்கூடக் கழற்றாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் படத்தை முதுகில் மாட்டிக்கொண்டு
உன்னிடமிருந்து ஓடிவந்தவன்