காய்க்காத பருத்திச் செடி

பிடுங்கிப்போட்ட பருத்தி வெயிலில் வதங்கும்போது எழும் பிசின் வாடை உனக்குத் தெரியும். இன்று காலை ஆராய்ச்சிப் பண்ணைக்குள் நுழைந்ததுமே அது மூக்கில் ஏறியது. குவியலின் மேல் கிடந்தது உன் செடி. சாகுபடிப் பருத்தியையும் காட்டுப் பருத்தியையும் நீ கலந்ததில் பிழைத்த ஒரே செடி. நான் விடுப்பில் இருந்தபோது பிடுங்கியிருக்கிறார்கள். தண்டைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை.

பார்வையாளர்கள் வருகிறார்களாம், வயல் சுத்தமாக இருக்க வேண்டுமாம். துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெறும் பூதான் மேடம், ஒரு காய் இல்ல. மலட்டுச் செடிய எத்தன வருஷம் வச்சு அழகு பாப்பீங்க?"

இப்படிக் கலந்த முதல் தலைமுறை காய்க்காது, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால்தான் காய்க்கும். அவர் பரீட்சை எழுதித் தேறிய பாடம் அது. அதற்கான மருந்தைக் கேட்டு நீ அவர் அறைக்கு நடையாய் நடந்தாய், நீ போன பிறகு நானும் நடந்தேன்; வாங்கித் தரவே இல்லை. உன் இரங்கல் கூட்டத்தில் "அவங்க பணி தொடரும்" என்று மைக்கைப் பிடித்துப் பேசியவரும் அவரே.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நம் பஸ் நின்ற நாள் நினைவிருக்கிறது. நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி. முகத்தில் துணிகூட இல்லாமல் ஒருவர் தத்துப்பூச்சிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். "பூச்சிக்கு அடிக்கிறாரா, தனக்கே அடிச்சிக்கிறாராடி?" என்றாய். காட்டுப் பருத்தியை அந்தப் பூச்சி அண்டாது, அந்தக் குணத்தை நம் பருத்திக்குள் கொண்டுவந்தே தீருவேன் என்றாய். நம் சர்வீசுக்குள் நடக்காது என்றேன்.

"நடந்தா மட்டும் நீ சிரிச்சிடப் போறியா? அப்பவும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருப்ப."

சண்டை போடுவதை எப்போதும் உன்னிடமே விட்டுவைத்தவள் நான். இன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "சார், நீங்க பண்ணது படிச்சவங்க பண்ற மடத்தனம்." உடனே பதில் வந்தது: "எமோஷனலா பேசாதீங்க மேடம்." மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டார்கள்.

நீ வைத்ததில், ஓரத்தில் நின்ற காட்டுப் பருத்தி மட்டும் தப்பியிருக்கிறது. வேலி என்று நினைத்து விட்டிருக்கிறார்கள்.

மாலையில், அந்தக் காட்டுப் பருத்தியோடு மறுபடி கலப்பதற்காக, நாளை மலர இருந்த ஒரு சாகுபடிப் பருத்தி மொட்டைப் பிடித்தேன். கட்டைவிரல் நகத்தால் அடியில் சுற்றிக் கீறி, இதழையும் மகரந்தப் பைகளையும் ஒரே இழுப்பில் உருவும் உன் முறைதான். கோபத்தில் வேகமாக இழுத்துவிட்டேன், மகரந்தம் ஏற்க வேண்டிய சூல்தண்டும் ஒடிந்தது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் பூக்கும் காலமே முடிந்துவிடும். அடுத்த மொட்டைப் பிடித்தேன்.