இருக்கும் இடம் தெரியாது

ஆடி 5, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட மல்லியில் பாதி தெருவுக்குப் போனது. அம்மனுக்குச் செவ்வரளி. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

செல்விக்குத் தமிழ் வீட்டுப்பாடம். ஒரு பாட்டி கதை. வருணனைத் தொடர்களுக்குப் பொருள் எழுத வேண்டுமாம். ‘பஞ்சாய் வெளுத்த தலை’க்கு அவளே எழுதிவிட்டாள். ‘வீட்டில் பாட்டி இருக்கும் இடமே தெரியாது’ என்பதற்கு, “தொலைஞ்சு போச்சாம்மா?” என்கிறாள்.

“இல்லடி. யாரையும் அதட்டாது, அம்புட்டு அமைதி. பாட்டின்னா அப்படித்தான் இருக்கணும்.”

கடைசி வாக்கியம் கேள்வியில் இல்லை. நானாகச் சேர்த்தது.

“நம்ம அப்பத்தா அப்படி இல்லையே!”

உள்ளே அத்தை வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது. “நான் இருக்குற இடம் செல்லூருக்கே தெரியுதுன்னு குத்திக் காட்டுறியாக்கும்?”

“புத்தகத்துல உள்ளது அத்தே.”

“புத்தகத்துக்கு என்னைய எப்படித் தெரியும்?”

ஆடி 6, புதன்

அத்தை வாடிப்பட்டிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். “அம்மா ரெண்டு நாள்ல வந்துரும்” என்றார் இவர். வெற்றிலை உரலையும் எடுத்துப் போனதை இவர் கவனிக்கவில்லை.

ஆடி 8, வெள்ளி

கூழ் வழக்கமான அளவே காய்ச்சிவிட்டேன். அரைச்சட்டி மிச்சம். கணக்கில் வெற்றிலை என்று எழுதி, அடித்தேன்.

பால்காரர்: “பெரியாத்தா ஊர்ல இல்லையாக்கா? சத்தத்தையே காணோம். இன்னைக்குத்தான் பயமில்லாம வாரேன்.” பாலில் தண்ணீர்.

செல்வியின் நோட்டு வந்தது. என் விளக்கத்துக்கு டீச்சர் ‘சரி’ போட்டிருக்கிறார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டி ஏன் பேசவில்லை என்று கதையில் ஒருவரும் கேட்கவில்லையே. பேசினால் கேட்க ஆளில்லையோ என்னவோ. தன் வீடு என்பதால்தானே அத்தை அதட்டுகிறார்கள்? சாமி கும்பிடும்போதும் இதே நினைப்பு.

ஆடி 10, ஞாயிறு

வாடிப்பட்டி. பஸ்ஸில் நின்றபடியே. நாத்தனார் வீடு மாற்றியிருக்கிறாள், தெருவை மட்டும் இவர் சொல்லியிருந்தார், புது வீடு எனக்குத் தெரியாது. யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெரு முனையிலேயே கேட்டது:

“எலே, சைக்கிள ஓரமா விட்டா தேஞ்சா போயிருவ?”

குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வாசலில் அத்தை. என்னைக் கண்டதும் குரல் இறங்கியது.

“என்ன, நான் இருக்குற இடம் தெரிஞ்சிருச்சாக்கும்?”

“தெரு முனையிலயே தெரிஞ்சிருச்சு அத்தே. அதான் நேரா வந்துட்டேன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பில்.

“உள்ள உரல் இருக்கு. தூக்கு. கனக்கும், பாத்து.”