பெண் பார்க்கப் போன சக்கரங்கள்

ஆவணி 10, செவ்வாய்

காலையில் தூறல். மாடியில் காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது. எடுத்து வைக்கச் சொன்ன ஆள் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் தம்பி குமரன். ஏழு கழுதை வயசாகிறது. இனி கு. என்றே எழுதுகிறேன், முழுப் பெயருக்கு மை வீண்.

ஞாயிறு பேராவூரணிக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இதற்கு முன் பார்த்த நாலு இடமும் தட்டிப்போயின. அம்மா சரியாகத் தூங்குவதில்லை. பெண் டீச்சர். போட்டோவிலேயே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "இது மட்டும் அமைஞ்சிட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி." கோலம் போடும்போதுகூட அதே பேச்சு.

கு.வுக்குக் கவலை வேறு. ஜீப்புக்கு அலாய் வீல். ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றியதாம், திருச்சியில் கிடைக்கிறதாம். "இரும்பு வீலோட போனா என்னக்கா நினைப்பாங்க?" பெண்ணைப் பெற்றவர்கள் குனிந்து சக்கரத்தையா பார்ப்பார்கள்?

மலை ஏறுகிற ஜீப். தஞ்சாவூர் ஜில்லாவில் மலைக்கு எங்கே போக? இதுவரை ஏறிய உயரம் ரயில்வே மேம்பாலம். வயலுக்குப் போவது மொபெட்டில். ஜீப்பில் சேறு பட்டுவிடுமாம்.

ஆவணி 12, வியாழன்

நல்ல வெயில். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், ஆள் வரவில்லை. கு. காலையிலிருந்து மெக்கானிக் கடையில். சாப்பாடு கொண்டுபோனேன், நான் ஒருத்தி இருக்கிறேனே.

சக்கரத்து ஓட்டைகள் எல்லாம் பொருந்திவிட்டன. ஆனால் டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

"பின்னாடி ஆள் ஏறுனா மட்கார்ட்ல உரசுமேண்ணே." மெக்கானிக்.

"எத்தனை ஆளு?"

"ரெண்டு பேருன்னா தாங்கும்."

"பாத்துக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். மேதைகள். அசிங்கமாக இருக்கிறது என்றேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றான் கு. தயிர்சாதத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

சாயந்திரம் வாசலில் சக்கரத்துக்குப் பூசை. சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். ஊறுகாய்க்கு வைத்திருந்தது.

ஆவணி 14, சனி

வாங்க: மல்லிகை, ஆப்பிள், வெற்றிலை பாக்கு, கல்கண்டு, அம்மாவின் மூட்டுக்குத் தைலம்.

அம்மா, நான், கு. ஆக மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டாள். சித்தப்பா வந்தால் சித்தி வராமல் இருப்பாளா? அவர் ஒருவரே ஒன்றரை ஆள். கு. முகம் செத்துப்போனது.

"சித்தப்பா பஸ்ல வரட்டுமே."

"சம்பந்தம் பேச வர்றவர பஸ்லயாடா அனுப்புவ?"

வாடகைக் கார் எடுக்கலாம் என்றேன். ஊரைக் கொளுத்தச் சொன்னது போல முறைத்தான்.

ராத்திரி என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன். "உன் தம்பி திருந்திட்டானா?" வைத்துவிட்டேன்.

ஆவணி 15, ஞாயிறு

நேற்றிரவு நல்ல மழை. கிளம்பும்போது வெறித்திருந்தது.

ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் கர்ரென்று சத்தம், ரப்பர் தீய்ந்த நாற்றம். "பின்னாடி கொஞ்சம் எழுந்தாப்ல உக்காருங்க." சித்தப்பா கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார். சித்தி முருகா முருகா.

பெண் வீடு தென்னந்தோப்புக்குள். தெருவிலிருந்து வீடு வரைக்கும் சேறு. முனையிலேயே நிறுத்தினான். "எல்லாரும் இறங்கிக்குங்க, உரசுது. நான் மெதுவா கொண்டாறேன்." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்சீட்டில் அம்மா. "நீ உக்காரும்மா" என்றேன். "பாவம், ஆசையா மாட்டியிருக்கான்" என்று இறங்கிவிட்டாள். அந்த மூட்டோடு, பட்டுப்புடவையோடு, கையில் பழத்தட்டு. பாதி வழியில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். சேறே படக்கூடாத வண்டி எங்களைத் தாண்டிப் போனது. கு.வின் தலை அப்போதும் பின்சக்கரத்துப் பக்கமே.

வாசலில் நின்ற பெண்தான் ஓடிவந்தது. தட்டை வாங்கிச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மா காலில் தானே ஊற்றியது. "வழுக்கும், என்னைப் பிடிச்சுக்குங்க அத்தை." அத்தை என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கு. எங்கே? பெண்ணின் அண்ணனுக்குச் சக்கரம் காட்டிக்கொண்டிருந்தான். காப்பி ஆறிய பிறகு உள்ளே வந்தான்.

திரும்பும்போது அம்மா வழியெல்லாம் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தாள்.

ஆவணி 16, திங்கள்

அம்மா முட்டி வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்தேன். போன் அடித்தால் "பேராவூரணியா?" என்கிறாள். கியாஸ்காரன்.

ஆவணி 18, புதன்

மேகமூட்டம். நாற்று பரவாயில்லை.

மத்தியானம் பெண்ணின் அம்மா பேசினார். நான்தான் எடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மா ஜாடை.

"உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. பொண்ணு வேணாங்குறா. அம்மாவ சேத்துல நடக்க விட்டுட்டு வண்டியில வர்றவரு, நாளைக்கு என்னைய எங்க இறக்கி விடுவாருன்னு கேக்குறா. நாங்க என்னங்க பதில் சொல்றது?"

அம்மா ரொம்ப நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம்: "ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடுடி. மனசு ஒடிஞ்சு போயிடுவான்."

நான் ஏன் சொல்ல வேண்டும்? கு. சாப்பிட உட்கார்ந்ததும் அந்த அம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

பிசைந்த கை நின்றது. என்னைப் பார்த்தான், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

"அம்மாவும் இறங்குனாங்களா?"