நத்தைகளை எண்ணியவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன், மருமகள், பேத்தி, பால்கனிப் பெட்டிகளில் நாற்பத்திரண்டு நத்தைகள்.

பேத்தி அழுதாள். போன வருஷம் ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்கு அவள் அனுப்பிய விண்ணப்பம், 'என்ன செய்தீர்கள் என்பதே விளங்கவில்லை' என்று திரும்பி வந்தது. இந்த வருஷமும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று வருஷம் மழையென்றும் பாராமல் நத்தை எண்ணினவளுக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ் ஓடவில்லை.

"மாடியில அத்தைகிட்ட காட்டலாமே," என்றான் மகன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் இருப்பவள் என் நாத்தனார். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

மார்ச் 5, புதன்

முப்பத்தோரு வருஷமாக அவளோடு நான் பேசுவதில்லை. அப்போது வெளியூரில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி இவளிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்து, பதினேழு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, என்னிடமே நீட்டினாள். "அஞ்சாவது படிக்கிற பிள்ளைகூட இப்படி எழுதாது அண்ணி." நான் படித்ததே ஐந்தாவதுதான். அவளுக்குத் தெரியாதா என்ன?

பேத்தியிடம் சொன்னேன்: "போய்க் கூப்பிடு. நான் அடுப்படில இருந்துக்கறேன்."

மார்ச் 6, வியாழன்

வந்தாள். "அண்ணி, வரலாமா?" நான் சுவரைப் பார்த்து, "நாற்காலியத் துடைச்சுப் போடுடி," என்றேன் பேத்தியிடம்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பேனா உள்ளே போயிற்று. "ஒரு பென்சில் குடும்மா."

"'ஐ ஆம் டூயிங் ரிசர்ச் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'னு எழுதியிருக்கே. இது இங்கிலீஷ் எழுத்துல தமிழ். மூணு வருஷமா பண்றேன்னு நாம சொல்லுவோம். அவங்களுக்கு 'ஹேவ் பீன் டூயிங்'. அப்ப ஆரம்பிச்சது, இன்னும் விடலைங்கறது ரெண்டும் அதுல இருக்கு. எவ்வளவு காலம்னா 'ஃபார்', எப்பலேர்ந்துன்னா 'சின்ஸ்'."

பேத்தி முழித்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "முப்பத்தோரு வருஷமா பேசலை, அது ஃபார். லெட்டர்ல கை வெச்ச அன்னிலேர்ந்து பேசலை, அது சின்ஸ்."

"அண்ணி சொல்றது சரி," என்றாள்.

அடுத்த வரிக்கு வந்தாள். "'நத்தைகள் எண்ணப்பட்டன'வா? எது, பேய் வந்து எண்ணிச்சா?"

"எங்க சார்தான் 'நான்'னு போடாதேன்னார். என் கணக்கை வெச்சு எழுதின கட்டுரையிலகூட அவர் பேரை மட்டும்தான் போட்டுக்கிட்டார்."

"கட்டுரையில அப்படி எழுதறவங்க உண்டு. உன் அனுபவத்தைச் சொல்ற கடிதத்துல, செஞ்சது நீதான்னு தெரிய வேணாமா? 'ஐ கௌன்டட்'னு போடு."

'மிகுந்த அனுபவம் உண்டு' என்றிருந்ததை அடித்து, எத்தனை குளம், எத்தனை மாதம் என்று எழுத வைத்தாள். பேத்தி தடுமாறிய இடத்தில் நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன்: ஒன்பது குளம், முப்பத்தாறு மாதம், நடுவில் காய்ச்சலில் படுத்த பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள்.

மூன்று மணி நேரம் முதுகு சாயவில்லை. என்ன மூளை அவளுக்கு! எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் உண்மை உண்மைதான்.

மார்ச் 7, வெள்ளி

அனுப்பியாச்சு.

ஏப்ரல் 24, வியாழன்

பேத்திக்கு வேலை கிடைத்துவிட்டது! 'நீங்கள் செய்தது என்னவென்று தெளிவாக இருந்தது' என்று எழுதியிருக்கிறார்களாம்.

நாத்தனார் கீழே வந்தாள். இந்த நோட்டை அவளிடம் நானே நீட்டினேன். "தப்பிருந்தா திருத்து."

எத்தனையோ தப்பு இருந்திருக்கும். பென்சில் ஒரே இடத்தில்தான் பட்டது. மார்ச் ஐந்தில், 'பேசுவதில்லை' என்பதை அடித்து, 'பேசாமல் இருந்தேன்' என்று எழுதினாள்.

"முடிஞ்சதுக்கு இப்படித்தான் அண்ணி எழுதணும்."

அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இனி நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான் பாக்கி. ஒரு நத்தையைக்கூட எண்ணாமல் 'எண்ணப்பட்டன' என்று எழுதச் சொன்னவர் — என் பேத்தியின் பேராசிரியர்.